தெல்தெனிய ஏற்றமும் தியாகுவின் காரும்

கல்யாணத்துக்குக் கண்டி போகிறவளின் பெட்டியில் என்ன இருக்கும்? பட்டுச் சேலை, பெண்ணுக்கு ஒரு தங்கக் காசு, கொஞ்சம் பலகாரம். என் பெட்டியில் இவற்றுக்கு நடுவே ஒரு ரேடியேட்டர் மூடியும், வளைந்த ரப்பர் ஹோஸ்களும், ஒரு ஃபேன் பெல்ட்டும் இருந்தன. கட்டுநாயக்க விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஹோஸைத் தூக்கிப் பிடித்துத் தன் சகாவிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். சகாவுக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

"இது என்னத்துக்குன்னு ஐயா கேக்கிறாரு."

"கல்யாணச் சீர்," என்றேன்.

அதை அவர் மொழிபெயர்த்ததும் அதிகாரி என்னை ஒரு முறை, ஹோஸை ஒரு முறை பார்த்தார். "இந்தியாவில் மாப்பிள்ளைமார் இவ்வளவு எளிமையாகிவிட்டார்களா?" என்று அவர் கேட்டதாகச் சகா சொன்னார். பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டார்கள்.

நான் விருதுநகரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். அக்னி நட்சத்திர வெயிலில், உச்சிப் பொழுதில், கிளட்சை விடத் தெரியாதவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் கியரிலேயே ஊரைச் சுற்றுகிற பிழைப்பு. என்ஜினைச் சூடேற்ற இதைவிட நல்ல வழி யாருக்கும் தெரியாது. அப்படியும் என் வண்டி எதுவும் நடுரோட்டில் ஆவி விட்டு நின்றது கிடையாது. இதைத் தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது.

தியாகு என் சித்தப்பா மகன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு எங்கள் அப்பா கப்பலேறி வந்தபோது சித்தப்பா மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். தியாகு படித்து, கண்டி மாநகர சபையில் கிளார்க்காகி, பக்கத்து அம்பிட்டியவில் வீடு கட்டினான். அவனுடைய ஒரே மகள் தர்ஷினிக்குச் சித்திரையில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு மலை ரோட்டில் தள்ளியிருக்கிற தெல்தெனியவில். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது போன் செய்தான்.

"அக்கா, கார் ஆவி விட்டுடுச்சுக்கா."

"எங்கடா?"

"மாப்பிள்ளை வீட்டு வாசல்ல. நிச்சயத்தன்னைக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. வாசலில் ஆலாத்தித் தட்டோடு நின்ற அம்மாள், போனட்டிலிருந்து வெள்ளையாகப் புகைந்ததைப் பார்த்து நெருப்பு என்று நினைத்துத் தட்டைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். மாப்பிள்ளையின் தாய்மாமன் அங்கேயே, அத்தனை பேர் முன்னிலையில், "பொண்ணு கல்யாணத்துக்கு எங்க வேன்லயே வரட்டும். ஏசி வேன்" என்று முடிவு சொல்லிவிட்டாராம்.

"ராணிய எனக்குக் கட்டிக் குடுத்தப்ப தோட்டத்து லொறியில, கொழுந்துச் சாக்கு மேல ஒக்கார வச்சிக் கூட்டிட்டு வந்தாங்கக்கா," என்றான் தியாகு. "என் மக என் கார்லதான் போவா. அதுக்குத்தான் இந்தக் காரையே வாங்குனேன்."

"மூடியில என்ன நம்பர் போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லு," என்றேன். அப்படித்தான் சீர் வரிசை தயாரானது.

*

கண்டிக்குப் போன பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் வழியெல்லாம் வெயிலைத் திட்டிக்கொண்டே வந்தார். சித்திரை மாதம்தான் அவர்களுக்கு உச்ச வெயிலாம். எங்கள் ஊரில் இந்த வெயில் அடித்தால் மார்கழி என்று நினைத்துப் போர்வையை எடுப்போம். அதைச் சொன்னதும் அவர் நான் பொய் சொல்வதாக முடிவு செய்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்பிட்டிய ஏற்றத்தில் நான் ஏறிய த்ரீவீலர் பாதியில் மூச்சு வாங்கி நின்றது. டிரைவர் பின்னால் திரும்பிப் பணிவாக ஏதோ சொன்னார். சிங்களம் தெரியாவிட்டாலும், 'அம்மா கொஞ்சம் இறங்கினால் நல்லது' என்பது எல்லா மொழியிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. இறங்கி நடந்தேன். பெட்டி மட்டும் வண்டியில் சொகுசாகப் போனது.

தியாகுவின் மனைவி ராணி வாசலில் விசிறியோடு நின்றாள். "வாங்கண்ணி. சரியான வெக்கை, இல்லையா?" என்றாள். அந்த வீட்டில் வருஷப் பிறப்புக் கொண்டாட்டம் இன்னும் முடியவில்லை. பக்கத்துச் சிங்கள வீடுகளிலிருந்து வந்த பாற்சோறும் கொக்கிஸும் மேசை நிறைய இருந்தன. கொக்கிஸ் என்பது நம் அச்சு முறுக்குக்குச் சொந்தக்காரி, ஆனால் உப்புக்காரி. பாற்சோறை மிளகாய் இடித்த கட்டைச் சம்பலோடு சாப்பிட்டேன். காரம் காதில் ஏறியது. விருதுநகர்க்காரிக்கே காதில் ஏறியது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கார் வீட்டுக்குப் பக்கவாட்டில், தகரக் கூரைக்குக் கீழே நின்றது. ஜப்பான் கார், வெள்ளை நிறம், தர்ஷினியைவிடக் கொஞ்சம்தான் வயது குறைவு. தியாகு அதைத் தினமும் துடைக்கிறான் என்று பார்த்ததுமே தெரிந்தது. பிரச்சினை அதுதான். வெளியே துடைக்கிறவர்கள் உள்ளே பார்ப்பதில்லை.

சாப்பிட்டு முடித்ததும் தர்ஷினி என்னைத் தனியாகக் காருக்குப் பக்கத்தில் கூட்டிப் போனாள். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற டீச்சர். பேச்சில் சுற்றி வளைப்பே கிடையாது.

"அத்தை, அப்பா கூட இந்தக் கார்ல போகத்தான் எனக்கும் ஆசை. ஆனா இன்னொரு தடவை அந்த வாசல்ல ஆவி வந்திச்சின்னா, அவங்க வீட்டு ஆளுங்க எங்கப்பாவக் காலம் பூரா சொல்லிக் காட்டுவாங்க. அதக் கேட்டுக்கிட்டு அந்த வீட்டுல இருக்க என்னால ஏலாது. ஒங்களுக்குச் சந்தேகம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் வேன்ல போயிடுறேன். அப்பாகிட்ட நானே பேசிக்கிறேன்."

"ஒங்கப்பன் கார்லதான் நீ போற," என்றேன். போனட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் கொடுத்த வாக்கு அது.

*

மறுநாள் காலை என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்தேன். சூடான என்ஜினில் மூடியைத் திறக்கிறவர்களை நான் ஸ்கூலில் சேர்ப்பதே இல்லை. உள்ளே தண்ணீர் குறைந்திருந்தது, இருந்ததும் பழுப்பாக இருந்தது. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. மேல் ஹோஸை அமுக்கினால் பழுத்த வாழைப்பழம் மாதிரி உள்ளே போனது. பெல்ட் பளபளத்துத் தேய்ந்திருந்தது. எல்லாவற்றுக்கும் என் பெட்டியில் மருந்து இருந்தது. அரை நாளில் மாற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, "வா, தெல்தெனிய வரை போய்ட்டு வரலாம்" என்றேன்.

தியாகு சாவியை எடுக்கும் முன்னால் சமையலறைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் கேனோடு வந்தான். காரின் பின்பக்கத்திலும் அப்படி நாலைந்து கேன்கள் இருந்தன. ரேடியேட்டரில் கொஞ்சம் ஊற்றி, கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டான்.

"என்ன தண்ணிடா அது?"

"பீலித் தண்ணிக்கா. திகனைக்குப் பக்கத்துல, புள்ளையார் கோயிலுக்கிட்ட ஒரு பீலி இருக்கு. கார வாங்குனன்னைக்கே அங்கதான் பூசை போட்டோம். திரும்பி வர்றப்ப சூடாகி நின்னுச்சு. பூசாரி அந்தத் தண்ணிய ஊத்தினாரு, பூனைக்குட்டி மாதிரி வீட்டுக்கு வந்திடுச்சு. அன்னைலேருந்து இந்தக் காருக்கு அந்தத் தண்ணிதான். வேற தண்ணி ஒத்துக்காது."

பீலி என்றால் மலைச்சரிவிலிருந்து ஊற்றை மூங்கிலாலோ குழாயாலோ வழிக்குத் திருப்பி விட்டிருப்பது. மலைநாட்டு ரோடுகளில் அங்கங்கே இருக்கும். லொறிக்காரர்கள் நிறுத்தி முகம் கழுவுவார்கள், வண்டிக்கும் கொடுப்பார்கள். நல்ல பழக்கம்தான். எங்கள் ஊரில் வண்டிக்குக் கொடுக்கத் தண்ணீர் லாரிக்காரனிடம் கெஞ்ச வேண்டும்.

போகப் போக டெம்பரேச்சர் முள் மெல்ல மேலே நகர்ந்தது. தெல்தெனியவுக்கு முன்னால் வருகிற நீண்ட ஏற்றத்தில் சிவப்புக் கோட்டைத் தொடப் போனது. நிறுத்தச் சொன்னேன். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. புது மூடி, புது ஹோஸ், புது பெல்ட், எல்லாம் நான் மாட்டியது. காற்றாடி ஒழுங்காகச் சுற்றுகிறது. பம்ப் தண்ணீரைத் தள்ளுகிறது. பிறகு என்ன கேடு?

என்ஜின் ஆறட்டும் என்று திரும்பி மெதுவாக இறங்கி, அந்தப் பீலிக்குப் பக்கத்திலிருந்த தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். பால் விடாத பிளேன்டீயும் ஒரு துண்டுக் கித்துள் பனைக் கருப்பட்டியும் வந்தன. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டே டீ குடிப்பது இந்த ஊர் வழக்கம். சீனி போட்டுக் கலக்குவதைவிட நூறு மடங்கு மேல். கடைக்காரம்மா தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்தலைக் கவிழ்த்துக் கரண்டிக் காம்பால் உட்பக்கம் சுரண்டிக்கொண்டிருந்தார். வெள்ளை வெள்ளையாகச் செதில்கள் உதிர்ந்தன.

"எந்தத் தண்ணிம்மா?" என்று கேட்டேன்.

"இந்தப் பீலிதான். நல்ல தண்ணி, குடிக்க இனிப்பா இருக்கும். கேத்தல்தான் கல்லாப் போயிடும். வாரம் ஒருக்காச் சுரண்டணும்."

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பக்கமெல்லாம் சுண்ணாம்புக் கல் வெட்டுகிறார்கள். வருகிற வழியில் கல் ஏற்றிய லொறிகளுக்குப் பின்னால் நகர்ந்துதான் வந்தோம். அந்தக் கல்லைத் தடவிக்கொண்டு வருகிற ஊற்று அது. குடிக்க அமிர்தம். கொதிக்க வைத்தால் சுண்ணாம்பு. அதை இவன் காரை வாங்கிய நாளிலிருந்து சனிக்கிழமை தவறாமல் கேன் கேனாகப் பிடித்து வந்து, கும்பிட்டு, ரேடியேட்டருக்குள் ஊற்றியிருக்கிறான்.

"தியாகு, உன் ரேடியேட்டரும் இந்தக் கேத்தலும் ஒண்ணு," என்றேன்.

அவன் முகம் சுருங்கிப்போனது. "சாமி தண்ணியப் போயி அப்பிடிச் சொல்லாதக்கா."

"சாமிக்கு ஊத்து. உனக்கு ஊத்திக்க. காருக்கு ஊத்தாத. கார் என்ன விரதமா இருக்கு?"

திரும்பி வரும் வழியெல்லாம் அவன் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினான். கண்டி வாவி வந்தபோதுதான், "ஒரு தடவ பூனைக்குட்டி மாதிரி வந்திச்சில்லக்கா" என்றான். அன்றைக்குக் காரை ஆற வைத்தது நிறுத்தி வைத்த நேரம்தான், தண்ணீர் இல்லை. அதை அப்போது சொல்லவில்லை. எனக்கும் கொஞ்சம் இங்கிதம் உண்டு.

*

ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். ஆனால் இந்த ஊரில் வருஷப் பிறப்பு வந்தால் கராஜ்காரர்கள் எல்லோரும் அவரவர் கிராமத்துக்குப் போய்விடுகிறார்கள். நல்ல நேரம் பார்த்துத்தான் திரும்பி வந்து வேலையைத் தொடுவார்கள். கண்டியில் ஏறி இறங்கிய கராஜ் எல்லாவற்றிலும் பூட்டு. ஒரு கதவில் மட்டும் பூட்டுக்குக்கூட ஒரு பூ வைத்திருந்தார்கள். கல்யாணமோ நெருங்கிக்கொண்டிருந்தது, மாப்பிள்ளை வீட்டிலிருந்து வேன் எத்தனை மணிக்கு வரட்டும் என்று போன் வேறு. ராணி போனை எடுத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தாள். தியாகு எழுந்து வெளியே போனான்.

பிலிமத்தலாவையில் ஒரு முஸ்லிம் கராஜ் திறந்திருக்கிறது என்று ராணிதான் விசாரித்துச் சொன்னாள். நடத்துகிறவர் நிஸாம் நானா; நானா என்றால் அங்கே முஸ்லிம்கள் வழக்கில் அண்ணன். எனக்குக் குறையாத வாய்க்காரர்.

"இந்தியாலேருந்து ஹோஸ் கொண்டு வந்தீங்களா? இங்க ரப்பர் மரத்துலதான் காய்க்குது," என்றார் போனட்டுக்குள் குனிந்தபடி.

"மரத்துல காய்ச்சதுதான் இதுல இருந்தது. அமுக்கிப் பாருங்க," என்று பழைய ஹோஸை நீட்டினேன். அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அதன் பிறகு நாங்கள் நண்பர்கள்.

ரேடியேட்டரைக் கழற்றி, மேல் தொட்டியின் ஈயத்தை உருக்கித் திறந்தார். மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம். தண்ணீர் இறங்குகிற சின்னக் குழாய்களில் முக்கால்வாசி வெள்ளையாக அடைத்துக் கிடந்தது. நானா ஒரு கம்பியால் குத்தி ஒரு துண்டைப் பெயர்த்து எடுத்து தியாகுவின் உள்ளங்கையில் வைத்தார்.

"வெத்தில போட்டுக்கிறீங்களா?" என்றார்.

தியாகு அந்தத் துண்டை விரலால் நசுக்கிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, "சரிக்கா" என்றான். அவ்வளவுதான். வெளியே போய்க் காரின் பின்பக்கத்திலிருந்த கேன்களை எடுத்து, கராஜ் வாசலில் வாடிக் கிடந்த செவ்வந்திச் செடிகளுக்கு ஒவ்வொன்றாக ஊற்றினான். எனக்கு அவனைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. தப்பான தண்ணீராக இருக்கலாம், ஆனால் ஆசையாக ஊற்றியது.

நானா வேலையை ஆரம்பித்தார். குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, திரும்பத் திரும்பத் தண்ணீர் அடித்து, வெளியே தகடுகளில் ஒட்டியிருந்த பூச்சி இறகுகளையும் புழுதியையும் பின்பக்கமிருந்து ஊதித் தள்ளினார். பிறகு ஒரு விஷயத்தில் எங்களுக்கு வாக்குவாதம் வந்தது. காரின் உள்ளே சூடு தருகிற ஹீட்டருக்கும் என்ஜினிலிருந்து இரண்டு குழாய் போகும். அவற்றில் ஒன்று லேசாகக் கசிந்தது.

"இத வெட்டி, ரெண்டையும் சேத்து மூடி விட்டுர்றேன். கண்டில ஹீட்டர் என்னத்துக்கு? இங்க எல்லாரும் அப்பிடித்தான் செய்றது."

"வேண்டாம். புதுக் குழாய் போட்டு அப்படியே விடுங்க."

"நீங்க விருதுநகர்னு சொன்னீங்களே. அங்க குளிரா?"

"வண்டியில இருக்கிறது எல்லாம் ஒரு நாள் வேணும்னுதான் வச்சிருக்கான். விடுங்க."

நானா தன் ஆட்களிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, கராஜே சிரித்தது. தியாகு எனக்காக மொழிபெயர்த்தான்: "இந்த அம்மாவின் ஊரில் சூரியனே குளிர் காய வருமாம்." சிரிக்கட்டும். குழாயைப் போட வைத்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

பகலுக்கு நானாவின் வீட்டிலிருந்து பராட்டாவும் பருப்புக் கறியும் வந்தன. பராட்டாவுக்குப் பருப்பா என்று நான் முதலில் முகம் சுளித்தேன். பிறகு மூன்றாவதைக் கேட்டு வாங்கினேன். சாப்பிட்டுக்கொண்டே தியாகுவுக்கு வகுப்பு எடுத்தோம், நானா பாதி, நான் பாதி. கூலண்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் கலந்துதான் ஊற்ற வேண்டும். வாரம் ஒரு தடவை, என்ஜின் குளிர்ந்த பிறகு, அளவு பார்க்க வேண்டும். முள் ஏறினால் ஏசியை அணைக்க வேண்டும். அப்படியும் ஏறினால் ஓரமாக நிறுத்த வேண்டும். கொதிக்கும்போது மூடியைத் தொடவே கூடாது, பச்சைத் தண்ணீரை அடிக்கவும் கூடாது.

"எங்கட வாப்பா இதத்தான் சொல்லுவாரு," என்றார் நானா. "சூடா இருக்கிற மனுசன்ட வாயயும் தொறக்காத, காரையும் தொறக்காத."

*

அடுத்த நாள் பகல் உச்சியில், ஏசி போட்டு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு தெல்தெனிய ஏற்றத்தில் ஏறினோம். முள் நடுவில் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். தியாகு ரோட்டைப் பார்க்காமல் முள்ளையே பார்த்து ஓட்டியதால் ஒரு மாட்டின் மேல் மோதப் பார்த்தான், அது வேறு விஷயம்.

விக்டோரியா நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் நிறுத்தி இளநீர் குடித்தோம். வெயிலில் தண்ணீர் வற்றி, அணை கட்டியபோது மூழ்கிப்போன பழைய தெல்தெனியவின் சுவர்கள் சேற்றில் தலை காட்டிக்கொண்டிருந்தன. தர்ஷினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேன் வேணாம்னு சொல்லிடவா அத்தை?" என்றாள். சொல் என்றேன். அவளே போன் செய்து சொன்னாள். மறுமுனையில் மாப்பிள்ளையின் அந்தத் தாய்மாமன், சரி, ஆனால் வேன் எதற்கும் பின்னாலேயே வரும் என்றார்.

"வரட்டுமே. நம்ம தூசியத் தின்னுக்கிட்டு வரட்டும்," என்றேன்.

*

கல்யாணத்தன்று காலை வீடு முழுக்க மல்லிகை வாசனையும் கூச்சலும். நான் தர்ஷினிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது ராணியின் தம்பிகள் காரை அலங்கரித்தார்கள். கூப்பிட்டார்கள் என்று வெளியே வந்து பார்த்தேன். அசந்துபோனேன். காரின் முகத்தையே காணோம். வாழையிலையைப் பின்னி முழுசாக மறைத்து, அதன் மேல் அந்தூரியம் பூவால் நிரப்பி, நடுவில் பெரிய தெர்மாகோல் பிள்ளையாரை நிறுத்தியிருந்தார்கள். திகனைப் பிள்ளையார் மாதிரியே செய்யச் சொன்னானாம் தியாகு. தண்ணீரைத்தான் விட்டாச்சு, சாமியை விட முடியுமா? சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தது சாட்சாத் நான்தான்.

தியாகு ஓட்டினான். நான் முன்னால், ராணியும் தர்ஷினியும் பின்னால். எங்களுக்குப் பின்னால் அந்த வேன்.

ஏற்றம் தொடங்கியதும் முள் நடுவைத் தாண்டியது. நான் தியாகுவைப் பார்த்தேன். அவனும் பார்த்துவிட்டான். ஏசியை அணைத்தேன். முள் நிற்கவில்லை. நேற்று வரை ஒழுங்காக இருந்த வண்டி. மூடி சரி, தண்ணீர் சரி, பெல்ட் சரி. பின்னாலிருந்து வேன் ஹாரன் அடித்தது.

"நிறுத்திடவாக்கா?" என்றான்.

"நிறுத்தாத, முள் இன்னும் சிவப்பத் தொடல. ஜன்னலை எல்லாம் இறக்குங்க," என்று ஹீட்டரின் திருகை முழுசாகத் திருப்பி, விசிறியை உச்சத்தில் வைத்தேன்.

அடுப்பு மாதிரி காற்று அடித்தது. ராணி, "ஐயோ அண்ணி, என்ன செய்றீங்க?" என்றாள். என்ஜினின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்கிறோம், அது பிழைத்துக்கொள்ளும் என்றேன். பட்டுச் சேலையும் நகையும் மாலையுமாக இருந்த தர்ஷினிக்கு நெற்றிப் பொட்டு கரையத் தொடங்கியது. "கூட்டி வைக்க ஏலும்னா வைங்கத்தை," என்றாள். அதைவிடக் கூட்ட முடியாது. முள் சிவப்புக்கு ஒரு நூல் முன்னால் நின்றது. ஏறவில்லை, இறங்கவும் இல்லை.

நேற்றைக்கும் இன்றைக்கும் என்னதான் வித்தியாசம் என்று மூளையைக் கசக்கினேன். கண்ணாடிக்கு வெளியே போனட்டின் விளிம்பில் பிள்ளையாரின் கிரீடம் ஆடிக்கொண்டிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. ரேடியேட்டருக்குக் காற்று நுழைகிற வாயே அவர் நிற்கிற இடம்தான். அதை இலையும் பூவும் தெர்மாகோலும் வைத்து அடைத்துவிட்டு, சூடமும் காட்டியிருக்கிறேன், இத்தனை வருஷ அனுபவத்தோடு.

"ஏற்றம் முடிஞ்ச ஒடனே ஓரமா நிறுத்து. என்ஜினை அணைக்காத," என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

நின்றதும் வேனும் நின்றது. மாப்பிள்ளையின் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். வேன் கதவு திறந்தபடி இருந்தது, உள்ளிருந்து குளிர்காற்று வீசியது.

"நான் அன்னைக்கே சொன்னேன். பரவாயில்ல, புள்ளைய இதுல ஏத்துங்க. நேரம் போகுது," என்றார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை அந்த மனுஷனுக்கு. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. தியாகு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்கதவு திறந்தது. தர்ஷினி இறங்கினாள். சேலைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். தியாகு கண்ணை மூடிக்கொண்டான். வாக்குக் கொடுத்தவள் நான், எனக்கும் பார்க்கத் தைரியம் இல்லை.

அவள் வேனுக்குப் போகவில்லை. காருக்கு முன்னால் வந்து நின்று, பிள்ளையாரைத் தொட்டுக் கும்பிட்டு, இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். "சாமிய எடுக்காத புள்ள," என்று ராணி கத்தினாள். வாழையிலையும் பூவும் நாரோடு சேர்ந்து மொத்தமாகக் கழன்று வந்தன. அப்படியே அள்ளிக்கொண்டு போய் மாமாவின் கையில் கொடுத்தாள்.

"மாமா, புள்ளையாருக்குச் சரியான வெக்கை. இவர ஏசி வேன்ல கூட்டிட்டு வாங்க. நான் எங்கப்பாவோட வாறேன்."

மாமா பிள்ளையாரை ஏந்தியபடி நின்றார். வேனுக்குள்ளிருந்து யாரோ சிரித்தார்கள், பிறகு மாமாவும் சிரித்துவிட்டார். தர்ஷினி திரும்பி வந்து ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"போங்கப்பா," என்றாள்.

இறக்கத்தில் காற்று நேராக உள்ளே அடித்தது. முள் நடுங்கி, இறங்கி, நடுவில் வந்து படுத்தது. நான் ஹீட்டரை அணைத்தேன். ராணி முந்தானையால் மகளின் முகத்தை ஒற்றிக்கொண்டே வந்தாள்.

மண்டப வாசலில், நிச்சயத்தன்று தட்டைப் போட்டுவிட்டு ஓடிய அதே அம்மாள்தான் ஆலாத்தித் தட்டோடு நின்றாள். கார் நின்றதும் ஓர் அடி பின்னால் வைத்து, போனட்டைத்தான் முதலில் பார்த்தாள். ஒரு துளி ஆவி இல்லை. பிறகு முன்னால் வந்து தர்ஷினிக்கு ஆலாத்தி சுற்றிப் பொட்டு வைத்தாள். என்ன நினைத்தாளோ, விரலில் மிச்சமிருந்ததைப் போனட்டின் மேலும் ஒரு பொட்டாக வைத்தாள்.

தியாகு காரை விட்டு இறங்கவில்லை. கண்ணிலிருந்து வழிந்துகொண்டே இருந்தது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தான்.

"ஒன் ஹீட்டர் இருக்கே, சரியான சூடுக்கா," என்றான்.

ஹீட்டரை அணைத்து வெகு நேரமாகியிருந்தது. "ஆமாடா," என்றேன்.